ஒரு துளிப் பாலும் ஒரு துண்டு கேக்கும்

நான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டின் வீடியோவில் ஓரிடம் இருக்கிறது. அலங்காரக் கதிரையில் அடக்கமாக இருக்கிற நான் திடீரென்று கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, ஒரு பக்கமாகக் கையை ஆட்டுவேன். என்னோடு படித்த நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, "ஆரைத் தேடினனீ?" என்று பகிடி பண்ணியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் இப்படி ஒரு வீடியோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால் நான் கோபிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் எதைப் பார்த்தேன் என்று இதுவரை உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதும் இல்லை.

கேக் மேசையின் விரிப்பு ஒரு மூலையில் விலகியிருந்தது. அதற்குள்ளே என் தம்பி. ஐந்து வயது. குட்டி வேட்டியும் பட்டுச்சட்டையுமாகச் சம்மணம் போட்டிருந்து, ஒரு துண்டு கேக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

பால் பட்டால் தம்பிக்கு மூச்சு அடைக்கும். புத்தூரில் எங்கள் ஒழுங்கையில் இதை அறியாதவர்கள் இல்லை. அன்று காலையில்தான் அது இன்னொரு தரம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கிணற்றடியில் எனக்குப் பாலறுகு வைத்தார்கள். பாலில் தோய்த்த அறுகம்புல்லை உறவுக்காரர் ஒவ்வொருவராக என் உச்சியில் வைக்க, யாருடைய கையிலிருந்தோ ஒரு துளி தெறித்து, வேடிக்கை பார்க்க ஓடிவந்த தம்பியின் கன்னத்தில் விழுந்தது. நான் தலைக்கு வார்த்து முடிப்பதற்குள் அந்த இடம் ஐந்து ரூபாய்க் குற்றியளவு தடித்துச் சிவந்துவிட்டது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயில் கழுவி, தடிப்புக்குக் கொடுக்கிற பாணி மருந்தையும் பருக்கிவிட்டார்.

அந்தப் பிள்ளைதான் இப்போது பட்டரும் பாலும் போட்ட கேக்கைத் தின்கிறான். நான் கத்தினேன். நாதஸ்வரப் பாட்டு ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டிருந்ததால் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். வீடியோக்காரர் மகிழ்ந்துபோனார். "அப்பிடியே காட்டுங்கோ தங்கச்சி, நல்லாயிருக்கு," என்றார்.

அம்மாவின் கண்ணை நான் பிடிப்பதற்குள் அவன் தின்று முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றான். அம்மா ஓடிவந்து குனிந்தபோது காதுக்குள் சொன்னேன். அவர் தம்பியை வாரித் தூக்கினார். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் அம்மா ஒரு மூலையில் தம்பியை மடியில் வைத்தபடிதான் இருக்கிறார். அவனுக்கு முதலில் காதுதான் சிவக்கும். அம்மா காதைப் பார்த்தார். நான் கதிரையில் இருந்து காதைப் பார்த்தேன். ஆலாத்தி எடுத்தார்கள், பரிசு தந்தார்கள், மழைக்குணமாக இருக்குது என்று பந்தலடியில் யாரோ சத்தம் போட்டார்கள். காது சிவக்கவில்லை. மூச்சு இழுக்கவில்லை. அவன் அம்மாவின் மடியில் நித்திரையாகிப் போனான்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. தோளில் ஊசி குத்தியிருந்த சேலையும் இறுகிய ஒட்டியாணமுமாக நான் இருந்த இருப்பில், அது யாரோ என் தலையில் குட்டியது போல வந்தது. ஒரு துளிப் பால் கன்னத்தில் பட்டாலே தடிக்கிறவன், பால் விட்ட கேக்கை முழுதாகத் தின்றுவிட்டு எப்படி நித்திரை கொள்கிறான்?

அவனுக்கு மூன்று வயதாக இருந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ ஆசையாக ஒரு மிடறு மோர் பருக்கிவிட்டார்கள். காது சிவந்து, முகம் வீங்கி, பிறகு ஓட்டை ட்யூப்புக்குக் காற்றடிப்பது போல மூச்சு. அப்பா மோட்டார் சைக்கிளில், தோளில் அவனைச் சாய்த்தபடி, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்து வந்த அன்றைக்கே எங்கள் வீட்டுப் பசுமாட்டை அடுத்த ஒழுங்கையில் இருந்த மாமி வீட்டுக்கு அவிழ்த்து அனுப்பிவிட்டார். மாமி என்றால் அப்பாவின் தங்கச்சி. பால் தேத்தண்ணி இல்லாமல் விடியாத அப்பா, அதற்குப் பிறகு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார். வெளியே யார் வீட்டுக்காவது போய் வந்தால், படலையடிக் குழாயில் மீசையைக் கழுவிவிட்டுத்தான் தம்பியைத் தூக்குவார்.

இதற்கு மேல் தொய்வு என்கிற ஆஸ்துமா வேறு. ஒவ்வொரு மாரிக்கும் அவன் நெஞ்சுக்குள் ஒரு விசில் ஊதும். ஊரார் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். மாமிக்கு அது கிரந்தி. கோயிலடி ஐயருக்கு அது நாவூறு. ஆஸ்பத்திரியில் முன்பே, மருந்தை மூச்சோடு இழுக்கிற ஒரு பம்ப் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது அலுமாரியின் மேல்தட்டில் பெட்டி உடையாமல் கிடந்தது. ஒழுங்கை முடக்கில் கடை வைத்திருந்த ஒருவர், கையில் பம்போடு செத்துக் கிடந்தாராம். பம்ப் பழகினால் விடேலாது, கடைசியில் அதுதான் ஆளைக் கொல்லும் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கிணற்றில் விழுந்தவன் கையில் கயிறு இருந்தால் கயிறுதான் தள்ளிவிட்டது என்பதைப் போன்ற தீர்ப்பு. அப்போது எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

சாமத்தியவீடு முடிந்து பந்தல் பிரிக்கிற நேரம், அம்மா மாமியிடம் மெதுவாகக் கேட்டார், கேக்குக்கு என்னென்ன போட்டீர்கள் என்று. கேக் மாமியின் கைவண்ணம். அவர் முகம் கறுத்தது.

"ஏன் மச்சாள், ஆரும் ஏதும் சொன்னவையே?"

"சீச்சீ. சும்மா கேட்டனான்."

"ஒரு றாத்தல் மாவுக்கு ஒரு றாத்தல் பட்டர் போட்டனான். பால் விட்டது கடைப் பால்மா இல்லை, என்ரை மாட்டுப் பால். வேணுமெண்டால் அம்மன் கோயிலிலை சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணுறன்."

அம்மாவுக்கு வேண்டியிருந்ததும் அந்தச் சத்தியம்தான். மாமி அன்றிலிருந்து எங்களோடு கதைக்கவில்லை.

அம்மா தம்பியையும் என்னையும் கூட்டிக்கொண்டு ரவுண் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளைகளின் கிளினிக்கில் புதிதாக ஒரு டொக்டர் வந்திருந்தார். தலைமுடியைப் பேனையால் குத்திக் கொண்டை போட்டிருந்த இளம் பெண். கதையை நான்தான் சொன்னேன். அம்மா இடையில் திருத்தப் பார்த்தார், நான் விடவில்லை. மேசைக்குக் கீழே இருந்ததில் தொடங்கி மாமியின் சத்தியம் வரைக்கும் சொல்லி முடித்தபோது டொக்டர் பேனையைக் கொண்டையிலிருந்து உருவிவிட்டார்.

அவர் முதலில் கேட்டது, காலையில் கொடுத்த பாணியைப் பற்றி. அது கொஞ்சத்தை மறைத்திருக்கலாம் என்றார். ஆனால் ஒரு முழுத் துண்டை மறைப்பது கஷ்டம் என்றும் சொன்னார். பிறகு அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். மாவோடு சேர்ந்து அவண் அடுப்பில் நெடுநேரம் வெந்த பால் உருமாறிவிடுகிறதாம். சில பிள்ளைகளின் உடம்புக்கு அதை அடையாளம் தெரியாமல் போய்விடுமாம். அந்த வாசலால் மெல்ல மெல்லப் பாலை உள்ளே கூட்டிப் போகலாம். பிற நாடுகளில் செய்கிறார்கள், இங்கே இப்போதுதான் தொடங்குகிறோம், சரிவரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார்.

"முதல்லை நெஞ்சு அமைதியாக வேணும், அம்மா. காலமையும் பின்னேரமும் பம்ப். ஒரு நாளும் தவறக்கூடாது. மாரி முழுக்க இழுப்பு வராமல் இருந்தால்தான் பாலைப் பற்றி யோசிக்கலாம். அதுகும் இஞ்சை, என்ரை கண்ணுக்கு முன்னாலை. வீட்டிலை கேக் குடுத்துப் பாக்கிற வேலை வைக்காதேங்கோ."

கடைசி வசனத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பஸ்ஸில் நான் பறந்துகொண்டு வந்தேன். தை பிறந்தால் தம்பிக்கு முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள். வாயெல்லாம் பாலாக ஐம்பது பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்துக்கு அவனை அனுப்புவதில்லை என்று அப்பா முடிவெடுத்திருந்தார். அவனுக்கு என் பழைய புத்தகங்களை வைத்து நானே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. படலைக்குள்ளேயே அவன் வளர்ந்து பெரியவனாகிவிடுவான் என்று எனக்குப் பயமாக இருந்தது. இப்போது ஒரு வழி கிடைத்துவிட்டது.

அப்பா வெங்காயத் தறைக்கு நீர் இறைத்துவிட்டு வந்து, கால் கழுவியபடியே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"அண்டைக்கு நான் அவனைக் கொண்டு ஓடேக்கை அவன்ரை தலை என்ரை தோளிலை கல்லு மாதிரிக் கிடந்தது. உமக்கு அது தெரியாது. நீர் பின்னாலை பஸ்ஸிலை வந்தனீர். ரெண்டாந்தரம் நானாக் கொண்டுபோய் ஊட்டமாட்டன்."

 அதற்குப் பிறகும் வாய் திறந்தது நான் மட்டும்தான், பேச்சு வாங்கினேன். செய்தி கேட்டு, கோபத்தை மறந்து ஓடிவந்த மாமியும் அப்பாவின் பக்கம். நஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடுத்தால் அமிர்தமாகுமோ அண்ணை என்று கேட்டுவிட்டு, அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் அம்மா சத்தமாகக் கதைக்கிற ஆள் இல்லை. அவர் ஒரு வாரம் சும்மா இருந்தார். பிறகு ஒரு காலமை அலுமாரி மேல்தட்டில் இருந்த பெட்டியை இறக்கி அப்பாவின் முன்னால் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, பாலைப் பற்றி நான் இப்ப கதைக்கேல்லை. அது கிடக்கட்டும். இந்த மாரிக்குப் பம்ப் மட்டும். அவனுக்கு ஏதும் பிழைச்சுதெண்டால் நானே தூக்கிக் குப்பையிலை போடுறன்."

இதில் இருந்த கெட்டித்தனம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. ஒரேயடியாகத் தூக்க முடியாத மூட்டையை அம்மா இரண்டாகக் கட்டினார். அப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அம்மா அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

பம்பை நேரே வாயில் அடிப்பதில்லை. ஒரு பக்கம் முகமூடியும் மறுபக்கம் பம்ப் செருகுகிற ஓட்டையுமாகப் பிளாஸ்ரிக்கில் ஒரு குழாய். தம்பி அதற்கு ரொக்கெட் என்று பெயர் வைத்தான். நான் கவுன்ட்டவுன் சொல்ல வேண்டும், அவன் மூச்சு இழுக்க வேண்டும், பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும். சந்திரனில் இறங்காமல் அவன் கொப்பளிக்க மாட்டான். அந்தக் குழாயின் புதுப் பிளாஸ்ரிக் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. குழாயை வீடு மாறியபோது தொலைத்துவிட்டோம்.

மாரி வந்தது. ஓடு ஒழுகியது, உடுப்புக் காயவில்லை, பாயெல்லாம் பூஞ்சண மணம். வழக்கமாக இந்த நேரம் விசில் தொடங்கும். தொடங்கவில்லை. நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைத்தால் நாவூறு பட்டுவிடும் என்று எனக்கே பயம் வந்துவிட்டது.

மழை விட்டு, தறை உழுகிற நாள். அப்பா லான்மாஸ்டர் என்ற கை உழவு எஞ்சினைப் பிடித்து உழுதுகொண்டிருந்தார். தம்பி செம்மண் சேற்றில் அதற்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடினான், இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்புக்கும், திரும்பவும். முந்தின வருடம் முற்றத்தைத் தாண்ட முன்பே குந்தியிருந்து இளைத்த பிள்ளை. அப்பா திடீரென்று எஞ்சினை நிற்பாட்டினார். அவனைப் பிடித்து, சேற்றில் முழந்தாள் ஊன்றி, அவன் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். தம்பிக்குக் கூச்சம், நெளிந்தான். சோறு கொண்டு வந்த அம்மா வரப்பில் அப்படியே நின்றுவிட்டார்.

"ஒண்டும் கேக்கேல்லை," என்றார் அப்பா. பிறகு எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, "உந்த டொக்டர் எந்தெந்த நாள் இருக்கிறவ?" என்று கேட்டார்.

கிளினிக்கில் அப்பா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடி கேள்வி கேட்டார். முகம் வீங்கினால் என்ன செய்வீர்கள். மூச்சு அடைத்தால் என்ன செய்வீர்கள். வீட்டில் வைத்து வந்தால் நான் என்ன செய்ய. டொக்டர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வரலாம், அதற்குத் தொடையில் போடுகிற ஊசி இருக்கிறது, போட்டால் மூச்சுத் திறக்கும் என்றார்.

"அப்ப அந்த ஊசியை எனக்குப் பழக்கிவிடுங்கோ, டொக்டர். அண்டைக்கு என்ரை கையிலை ஒண்டும் இருக்கேல்லை."

தாதி காட்டிக் கொடுத்தார். அப்பா வீட்டுக்கு வந்து கத்தரிக்காயில் பழகினார். வெற்று ஊசியும் தண்ணீருமாக வெயில் சரியும் வரை குத்துவார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த அந்த விரல்களுக்குச் சின்ன ஊசி முதலில் அகப்படவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டும் குத்துகிற அளவுக்கு வந்துவிட்டார். நாங்கள் அந்த மாதம் முழுக்க ஓட்டைக் கத்தரிக்காய்க் கறிதான் சாப்பிட்டோம். நீர் கோத்துக் கிடக்கும், சுவையே இருக்காது. 

கேக்கை வீட்டில் சுட்டுக் கொண்டு வரச் சொன்னார் டொக்டர். மா எவ்வளவு, பால் எவ்வளவு, நடுப்பகுதியும் காயும் வரை எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று கணக்காகச் சொல்லிவிட்டார். எங்களிடம் அவண் இல்லை. அம்மா நேரே மாமி வீட்டுக்குப் போனார். மாமி முதலில் மாட்டேன் என்றார். தன் கேக்கைத் தின்று பிள்ளைக்கு ஏதும் வந்தால் தான் உயிரோடு இருக்க முடியாது என்று அழுதார். அம்மா எழும்பி, சரி மச்சாள், சந்திக் கடையில் சொல்லிச் சுடுவிக்கிறேன் என்றார். கடைக்காரனின் கேக்கா? மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவை அரிக்கத் தொடங்கினார். வெந்து இறுகி வந்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது கேக்கோ, செங்கல்லோ?" என்று அலுத்துக்கொண்டார்.

வார்டில் அன்றைக்கு நாங்கள் எல்லாரும் நின்றோம். மாமி வாசலுக்கு வெளியே, முருகா முருகா என்றபடி. கட்டிலருகில் ஊசி, ஒக்சிஜன், எல்லாம் ஆயத்தம். முதலில் ஒரு கடுகளவு. காத்திருந்தோம். பிறகு ஒரு அரிசியளவு. காத்திருந்தோம். பிறகு உழுந்தளவு. அப்போது தம்பியின் இடது காதுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.

டொக்டர் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிற்பாட்டினார். அப்பா கட்டிலின் இரும்பைப் பிடித்தார். வெளியே முருகனும் நின்றுவிட்டார். டொக்டர் நெஞ்சைக் கேட்டார், நாக்கைப் பார்த்தார், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். புள்ளி அப்படியே இருந்தது, பெருக்கவும் இல்லை, குறையவும் இல்லை.

"என்ரை காதை ஏன் எல்லாரும் பாக்கிறியள்?" என்றான் தம்பி.

 மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. புள்ளி மெல்ல மங்கி, பிறகு எந்த இடம் என்று தேட வேண்டி வந்தது. தம்பி டொக்டரைப் பார்த்துக் கோபமாகக் கேட்டான்: "மிச்சத்தை எப்ப தருவியள்?"

மிச்சத்தையும் கொடுத்தார்கள். வெயில் தாழ முன்பு, செங்கல் போல இருந்த அந்தத் துண்டு முழுதும் அவன் வயிற்றுக்குள். பக்கத்துக் கட்டில் தாய்மார் கைதட்டினார்கள். மாமி உள்ளே வந்து, இன்னும் கொஞ்சம் பட்டர் போட்டிருந்தால் நல்லாய் இருந்திருக்கும் என்றார். அம்மா அழுதார். அப்பா அழவில்லை, டொக்டரிடம் போய், பள்ளிக்கூடப் பொடியன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, "நாளைக்கும் குடுக்கலாமோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வேகமாக நடக்கவில்லை. கேக் தினமும். பிறகு பால் குழைத்த ரொட்டி. ரொட்டியில் ஒரு தரம் உடம்பெல்லாம் தடித்தது. அப்பா ஊசியோடு ஓடிவந்தார், பாணியோடு அடங்கிவிட்டது. டொக்டர் திரும்பவும் கேக்குக்கு இறக்கினார். மறுபடி ஏறினோம். தம்பி முதலாம் வகுப்புக்குப் பிந்திப் போனான், பையில் ரொக்கெட்டோடு. எப்படிப் பாவிப்பது என்று ரீச்சருக்கு அவனே வகுப்பெடுத்தான். காய்ச்சின பாலை ஒரு முழுக் கோப்பையாக வார்டில் வைத்துக் கொடுத்தபோது அவனுக்கு ஏழு வயது. குடித்து முடித்து, முகத்தைச் சுளித்து, "இதுக்கோ இவ்வளவு பாடு?" என்றான். இன்றைக்கும் அவனுக்குப் பால் பிடிக்காது. விட்டால் உடம்புக்கு அந்தப் பழக்கம் போய்விடும் என்பதால் குடிக்கிறான். அப்பா பக்கத்தில் இருந்து குடிப்பிக்கிறார். பதினைந்து வயசு, உதைபந்தாட்டம் ஆடுகிறான், என்னை வாடி போடி என்கிறான்.

நான் உணவு விஞ்ஞானம் படிக்கப் போனது ஏன் என்று நீங்கள் கேட்பீர்களே, அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இப்போது கடைசி வருடம். டொக்டரின் கிளினிக்கில் பாலின் அளவை மெல்ல மெல்ல ஏற்றுகிற பிள்ளைகள் இன்று ஒரு வரிசை இருக்கிறார்கள். எல்லாத் தாய்மாரும் வீட்டில்தான் கேக் சுடுகிறார்கள். ஒவ்வொரு அவணும் ஒவ்வொரு குணம். ஒரு வீட்டுக் கேக்கின் நடு வேகாமல் இருந்து, பிள்ளை வீங்கி, கொண்டு ஓட வேண்டி வந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கேக் எதற்கு? நடு என்று ஒன்றே இல்லாத மெல்லிய விசுக்கோத்தாகச் சுட்டால் என்ன? எதைக் கடித்தாலும் ஒரே வேக்காடு, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பால்.

டொக்டர் என் கணக்குகளைக் கிழித்துக் கிழித்துத் திருத்தினார். கொண்டையில் இப்போதும் பேனைதான், ஒன்றிரண்டு நரையும் சேர்ந்திருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தட்டுத் தட்டாகச் சுட்டேன், பொடித்தேன், அளந்தேன், எறிந்தேன். போன மாதம் எல்லாம் ஒரே அளவில் வந்து நின்றது. பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதியும் வந்துவிட்டது.

முதலில் தின்னப் போகிறவள் குருநகரில் இருந்து வருகிற நாலு வயதுச் சின்னப்பெண். தகப்பன் கடலுக்குப் போகிறவர். கையைக் கட்டிக்கொண்டு டொக்டர் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டு, "இது நீர் செய்ததோ, தங்கச்சி?" என்றார். ஓம் என்றேன். "அப்ப நீரும் அண்டைக்குப் பக்கத்திலை நிக்கவேணும்," என்றார். நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். மாதிரிக்குக் காட்ட நான் கொண்டுபோன விசுக்கோத்தை அந்தப் பிள்ளை கண்ணாடிப் போத்தலுக்கு வெளியே நின்று உற்றுப் பார்த்தது. அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"அக்கா, இனிக்குமோ?"

 பாலை அளந்தேன், சூட்டை அளந்தேன், ஈரத்தை அளந்தேன். சீனியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலமை வார்டில் கடுகளவில் தொடங்குகிறோம். அதற்கு முன்பு, டொக்டரிடம் கேட்டு, பாலின் அளவு ஒரு துளியும் மாறாமல், சீனியைக் கூட்டி இன்னொரு தட்டுச் சுட்டு அளந்து பார்க்கப் போகிறேன்.